திருப்பூரில் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் குழு) மீட்டிங் எங்கே நடக்கிறது, முதல் நாள் போனால் என்ன செய்வார்கள்?

சனிக்கிழமைக்காரன்:

வணக்கம். வயது 41, சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், 16 வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். (கட்டிங் மாஸ்டர் என்று நண்பர்கள் கூப்பிடுவது இரண்டு அர்த்தத்தில், அது வேறு கதை.) குடியை விட்டு இன்றைக்கு 12 நாள். நானாக விட்டேன் என்று சொன்னால் அது பொய்.

மூன்று வருடமாகக் கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுவேன். அந்த 48 நாளும் ஒரு சொட்டு தொட மாட்டேன், மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றினால் அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்துவிடும். வீட்டிலும் வருஷத்துக்கு ஒன்றரை மாதமாவது மனுஷனாக இருக்கிறானே என்று விட்டுவிட்டார்கள். இந்த வருடம் அளவு கூடிப்போயிருந்தது. காலையில் கட்டிங் மெஷினைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கும், கடை 12 மணிக்குத்தான் திறப்பான் என்பதால் பிளாக்கில் கூடுதல் விலை கொடுத்து வாங்கி ஊற்றினால்தான் கை நிற்கும். அப்படியிருந்தவன் ஒரே நாளில் நிறுத்திவிட்டு மாலை போட்டேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாலையைக் கழற்றி என் மனைவி கையில் கொடுத்தார்கள், அவள் அதை வாங்கின முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, அதே சீட்டின் கீழே "ஏஏ மீட்டிங் போகவும்" என்று எழுதினார். எங்கே, என்றைக்கு, ஒன்றும் இல்லை. கேட்க வெட்கமாக இருந்தது, வந்துவிட்டேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திருப்பூரில் எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாயந்திரம் 7 மணிக்கு என்றால் எனக்கு ஒன்றரை ஷிப்ட், எட்டரைக்குத்தான் விடுவார்கள். எழுந்து நின்று பேசச் சொல்வார்களா? சர்ச்சில் நடக்கிறது என்று ஒருவர் சொன்னார், மதம் மாற்றும் வேலை ஏதும் உண்டா? காசு எவ்வளவு? கம்பெனி ஆள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று, வரும் சனிக்கிழமை சம்பளம். திருப்பூர் ஆட்களுக்குத் தெரியும், சனிக்கிழமை சம்பளம் கையில் வந்தால் என்ன ஆகும் என்று.

கோவைவாசி72:

தம்பி, முதலில் ஒரு விஷயம். 12 நாள் என்பதை "நானாக விட்டது இல்லை" என்று தள்ளாதீர்கள். நானும் நானாக விடவில்லை. என் அண்ணன் மகள் கல்யாணத்தில் பந்தியில் விழுந்து, இலையோடு தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள். 2013-ல் அது, அதுதான் கடைசி. யார் விட வைத்தார்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

கண்டுபிடிப்பது எப்படி என்றால், ஏஏ இந்தியாவுக்கு ஒரு இணையதளம் உண்டு, அதில் மாநிலம், ஊர் வாரியாகக் கூட்டப் பட்டியல் இருக்கும். தலைமை அலுவலகம் மும்பையில். ஆனால் பட்டியலை நம்பி நேராகப் போய் நிற்காதீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது இன்னொரு மண்டபத்துக்கு மாறியிருக்கும், செவ்வாய் வியாழனாகியிருக்கும், பட்டியலில் பழையதே கிடக்கும். அங்கே இருக்கும் தொடர்பு எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். எடுக்கிறவர் கால் சென்டர் ஆள் இல்லை, நம்மைப் போல ஒரு குடிகாரன்தான். உங்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை, "திருப்பூரிலிருந்து பேசுகிறேன், மீட்டிங் எங்கே" என்றால் போதும். பெரும்பாலும் அவரே பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறேன் என்பார். நான் முதல் நாள் அப்படித்தான் போனேன், ஒரு பேக்கரி வாசலில் நின்று ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார், அந்த டீயை நடுங்கிக்கொண்டே பாதி சட்டையில் கொட்டினேன். அவர் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சர்ச் விஷயம். சாயந்திரம் காலியாகக் கிடக்கும் அறை, குறைந்த வாடகை, பஸ் போகும் இடம், இதெல்லாம் எங்கே கிடைக்கும்? பள்ளிக்கூடம், சர்ச் வளாகம், சமூகக் கூடம். நாங்கள் வாடகை கொடுக்கிறோம், அவர்கள் சாவி கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஜெபம் பண்ணச் சொல்ல யாரும் வர மாட்டார்கள். சர்ச்சுக்கும் இதற்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது என்பதும் உண்மைதான். 1935-ல் பில் என்ற நியூயார்க் பங்குத் தரகர் வேலை விஷயமாக அமெரிக்காவில் ஆக்ரான் என்ற ஊருக்குப் போய், வேலை கெட்டு, ஹோட்டல் வராந்தாவில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்தில் ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியல். மனிதர் போன் பக்கம் போய் ஒவ்வொரு எண்ணாகச் சுற்றி, என்னைப் போல ஒரு குடிகாரனிடம் பேச வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார். அப்படிச் சுற்றிச் சுற்றிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப், ஒரு சர்ஜன். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏவின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். ஆக, இடம் தெரியாமல் போன் போட்டுத் தேடியதில் நீங்கள் முதல் ஆள் இல்லை.

காசு கிடையாது. நடுவில் ஒரு பை சுற்றி வரும், வாடகைக்கும் டீக்கும். புதிதாக வருகிறவர் போட வேண்டாம் என்றே சொல்வோம். வெளி ஆள் நன்கொடை கொடுத்தாலும் வாங்க மாட்டோம், அது விதி. ரிஜிஸ்டர் இல்லை, ஆதார் இல்லை, கையெழுத்து இல்லை. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை.

பேசச் சொல்வார்களா என்றால், கேட்பார்கள், கட்டாயமில்லை. "இன்றைக்குக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்" என்றால் அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். பேசுகிறவர் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்பார், எல்லாரும் வணக்கம் சொல்வார்கள், அப்புறம் அவர் பாட்டுக்குப் பேசுவார். நடுவில் யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. நம் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள், நாம் வாயைத் திறந்தால் அறிவுரை சொல்லாத ஒரு கூட்டம் வேறு எங்கே இருக்கிறது.

கம்பெனி ஆள் பார்த்துவிட்டால் என்று கேட்டீர்கள். அந்த அறைக்குள் பார்த்தால், அவனும் அதற்குத்தான் வந்திருக்கிறான். வெளியே பார்த்தால், நீங்கள் ரோட்டில் வேட்டி அவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தவன்தானே. கோபப்படாதீர்கள், எனக்கு என் மனைவி சொன்ன பதில் இது.

ஷிப்ட் பிரச்சினைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். வார நாளில் ஒரு நாள் மட்டும் முதல் ஷிப்டோடு வந்துவிடுங்கள். அரை ஷிப்ட் கூலி போகும்தான். நீங்கள் ஒரு நாளைக்கு ஊற்றியதை விட அது குறைவா கூடவா என்று நீங்களே கணக்குப் போடுங்கள், கட்டிங் மாஸ்டருக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை.

மழைக்குருவி:

எனக்கும் இதே கேள்விதான், ஊர் ஈரோடு. பதில்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வேறு ஒன்றும் சொல்ல இல்லை.

வார்டுசிஸ்டர்:

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டு இடம் சொல்லாமல் அனுப்புவது எங்களிடமும் நடக்கிறது, அதற்காக வெட்கப்பட வேண்டியது நாங்கள்.

அண்ணா, நீங்கள் மறுபடி படிக்க வேண்டிய ஒரு இடம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. முதல் மூன்று வருடம் மாலை போட்டு நிறுத்தியபோது ஒன்றும் ஆகவில்லை, இந்த முறை வலிப்பு வந்தது. விரதத்தில் குறையோ சாமி குற்றமோ இல்லை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை ஆரம்பிக்கும், 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, மறுபடி நிறுத்தி என்று போகப் போக ஒவ்வொரு முறையும் இது கடுமையாகலாம். ஆகவே இதைப் படிக்கிற யாராவது தினமும் காலையிலேயே குடிப்பவராக இருந்தால், தைரியமாக ஒரே நாளில் நிறுத்திவிட்டு நேராக மீட்டிங்குக்குப் போகாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரி. ஏஏ கூட்டத்தில் டாக்டர் இருக்க மாட்டார்.

12 நாள் ஆகிவிட்டதால் உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. வைட்டமின் பி1 மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதை நிறுத்தாதீர்கள், சத்து மாத்திரைதானே என்று நிறையப் பேர் முதலில் விடுவது அதைத்தான். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன, அடுத்த முறை போகும்போது கேளுங்கள். மீட்டிங்கில் யாராவது "மாத்திரை எல்லாம் எதற்கு, மன உறுதி போதும்" என்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏஏ வெளியீட்டிலேயே இருக்கிறது.

ராத்திரி 2 மணிக்குக் கை பரபரத்தால் 14416-க்குப் போடுங்கள், டெலி மானஸ், 2022-ல் ஆரம்பித்த மத்திய அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், இலவசம். போதை விடுவிப்புக்கென்றே 14446 இருக்கிறது, பக்கத்தில் எங்கே சிகிச்சை என்று கேட்கலாம். அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் மையங்கள் திறந்திருக்கிறார்கள், அதையும் விசாரியுங்கள். 2019-ல் வந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. நீங்கள் அந்த ஒருவர்.

கருப்புச்சட்டை:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், அதனால் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். தோழர், நான் ஏஏவுக்கு நான்கு மாதம் போனேன், விட்டுவிட்டேன். குடியை விட ஏஏ சொல்லும் 12 படிகள் என்று ஒரு அட்டை தொங்கும். அதில் 3, 5, 6, 11 நான்கிலும் கடவுள் வருகிறார், 2-ஆம் படியில் "நம்மை விடப் பெரிய சக்தி" வருகிறது. "நாம் அறிந்தபடியான கடவுள்" என்று ஒரு வால் வைத்திருக்கிறார்கள். என்னைப் போல சின்ன வயதிலிருந்து பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தவனுக்கு அந்த வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக முடியவில்லை. முடிவில் எல்லாரும் எழுந்து நின்று பிரார்த்தனை சொல்லும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆனால் குடிக்கவில்லை, 5 வருடம் ஆகிறது. மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் ஒரு சைக்காலஜிஸ்ட் நடத்தும் குழு, அப்புறம் இணையத்தில் ஸ்மார்ட் ரிகவரி. அது 1994-ல் ஆரம்பித்தது, கடவுள் கிடையாது, ஆசை வரும்போது எழுதிப் பார், செலவு வரவு போல் லாப நஷ்டம் போடு என்கிற மாதிரி. ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதுதான் அதில் குறை. கட்டிங் மாஸ்டர் தோழருக்கு அது சரிப்படாமல் போகலாம். ஒரே வழி ஏஏதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோவைவாசி72:

தோழர் சொல்வதில் பாதி சரி. ஒரே வழி இல்லை, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் குழுவில் ஒருவர் உங்களை விடப் பெரிய நாத்திகர், "எனக்குப் பெரிய சக்தி இந்த மீட்டிங்தான், நான் ஒருத்தன், நீங்கள் 14 பேர், கணக்குப்படி என்னை விடப் பெரிது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், இன்றும் வருகிறார். ஃபேனைப் பார்க்கிறவர்களுக்கும் நாற்காலி உண்டு.

வார்டுசிஸ்டர்:

இந்த வாதத்துக்கு ஒன்று மட்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏஏவும், நோயாளிகளை முறையாக ஏஏவில் சேர்த்துவிடும் சிகிச்சையும், முழுதாகக் குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை இல்லை, சில இடங்களில் கூடுதல் என்று வந்தது. "முறையாகச் சேர்த்துவிடும்" என்ற சொல்தான் எனக்கு முக்கியம். சீட்டில் ஒரு வரி எழுதுவது அதில் சேராது.

நடுவீட்டுவிளக்கு:

நான் குடிக்கிறவர் மனைவி. உங்கள் மனைவி இதைப் படிக்க மாட்டார் என்று நினைக்கிறேன், அதனால் உங்களிடம் சொல்கிறேன் அண்ணா, அவரிடம் காட்டுங்கள்.

இவர் குடித்த 14 வருடத்தில் நான் செய்யாதது இல்லை. கோயிலில் கயிறு, குழந்தை தலையில் அடித்துச் சத்தியம், தாயத்து, தட்டில் சோறு வைக்காமல் இருந்தது, அவர் கம்பெனிக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று பொய் சொன்னது. ஒரு முறை பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்ற மருந்தை வாங்கிச் சாம்பாரில் கலந்தேன். அன்றைக்கும் அவர் குடித்தார். முகம் செவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, செத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் என்ன கலந்திருந்தது என்று இன்று வரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு அக்கா சொல்லித்தான் அல்-அனான் தெரியும். ஏஏ குடிக்கிறவருக்கு, இது குடும்பத்துக்கு. ஏஏவை ஆரம்பித்த அந்த பில்லின் மனைவி லோயிஸ்தான் 1951-ல் இதை ஆரம்பித்தவர் என்று அங்கே சொன்னார்கள். சில ஊரில் ஏஏ நடக்கும் அதே நேரத்தில் பக்கத்து அறையில் நடக்கும். அங்கே போனால் கணவரை நிறுத்த வழி சொல்லித்தருவார்கள் என்று போனேன். ஒருத்தரும் சொல்லவில்லை. நீ இதை உண்டாக்கவில்லை, உன்னால் இதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்றார்கள். கோபம் கோபமாக வந்தது, இதைக் கேட்கவா இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று. ஆனால் அன்றைக்கு ராத்திரி பல வருடத்துக்கு அப்புறம் அவர் வரும் வரை வாசலில் உட்காராமல் தூங்கினேன்.

இவர் இன்னும் முழுதாக நிறுத்தவில்லை. இரண்டு முறை ஏஏ போய்விட்டு வந்தார், இப்போது போவதில்லை. நான் போகிறேன்.

உங்கள் மனைவி உங்கள் மீட்டிங்குக்கே வரலாமா என்று கேட்டால், திறந்த கூட்டம் என்றால் யாரும் வரலாம், மூடிய கூட்டம் என்றால் குடிநோயாளிகள் மட்டும். போன் பண்ணும்போதே எது என்று கேட்டுவிடுங்கள்.

வார்டுசிஸ்டர்:

இந்தத் தங்கை சொன்னதை எல்லாரும் கவனியுங்கள். அந்த மாதிரி மருந்துகள் சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கும். குடித்தால் உடம்பு தாங்காத மாதிரி ஆக்கும் மருந்து, அது வேலை செய்ய வேண்டுமானால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், டாக்டர் இதயம், கல்லீரல் பார்த்துக் கொடுக்க வேண்டும். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் குடித்தால் வேலையைக் காட்டும். தெரியாமல் கொடுப்பது விஷம் வைப்பது மாதிரி. தங்கையைக் குறை சொல்லவில்லை, விற்கிறவனைச் சொல்கிறேன்.

சனிக்கிழமைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கோவைக்கார அண்ணா சொன்ன மாதிரி போன் போட்டேன். மூன்று எண் முயற்சி செய்து மூன்றாவதில் எடுத்தார்கள். ஞாயிறு சாயந்திரம் ஒரு கூட்டம், புதன் ஒரு கூட்டம். சனிக்கிழமை சம்பளத்துக்கு மனைவி கம்பெனி கேட்டுக்கு வந்து நின்று கையோடு வாங்கிக்கொண்டாள். செக்யூரிட்டி சிரித்தான். பரவாயில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போகவில்லை. வளாகத்துக்கு வெளியே கேட் வரைக்கும் போனேன், மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுதுகொண்டு இருப்பார்கள் என்று நினைத்து வந்தவனுக்கு அது என்னவோ மாதிரி இருந்தது. தண்ணீர் பைப்பில் கை கழுவுகிற மாதிரி கழுவிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். குடிக்கவில்லை. மனைவியிடம் போனேன் என்று பொய் சொன்னேன். இதைச் சொல்வதற்குத்தான் எழுதுகிறேன்.

தேனிக்காரன்:

மாஸ்டர், நான் இப்படி ஐந்து முறை திரும்பி வந்தேன். ஒரு முறை பூட்டிக் கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன், திறந்துதான் கிடந்தது.

நான் வேறு ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். மீட்டிங்குக்குப் போகவில்லை என்றால் வீட்டில் பொறுமை இழந்து "சென்டரில் போட்டுவிடலாம்" என்பார்கள். எனக்கு அதுதான் நடந்தது. ராத்திரி 11 மணிக்கு ஒரு வேன் வந்தது, நான்கு பேர் தூக்கிப் போட்டார்கள். ஊர், பெயர் வேண்டாம். 90 நாள். மொட்டை அடித்தார்கள், பைப்பால் அடித்தார்கள், ஒரு டாக்டரைக்கூட நான் பார்க்கவில்லை. வீட்டில் மாதம் மாதம் பணம் கட்டிக்கொண்டு இருந்தார்கள். வெளியே வந்த அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் குடித்தேன், ஆசைக்கு இல்லை, ஆத்திரத்துக்கு. எல்லா மையமும் அப்படி இல்லை, நல்லதும் இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பித்த டிடிகே மருத்துவமனை மாதிரி பெயர் பெற்ற இடங்கள் உண்டு, அங்கே குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லித்தருவார்கள் என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். 2017 மனநலச் சட்டத்தில் குடிநோயும் சேரும், அதனால் ஆட்களைத் தங்க வைக்கும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பண்ணியிருக்க வேண்டும். பதிவுச் சான்று எங்கே, டாக்டர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறார், வீட்டில் போன் பேச விடுவீர்களா, இந்த மூன்றையும் கேட்டு முகத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் கூட்டம் இல்லை. பக்கத்து ஊருக்கு 40 கிலோமீட்டர், கடைசி பஸ் எட்டுக்குப் போய்விடும். கொரோனா சமயத்தில் ஆன்லைன் மீட்டிங் நிறைய வந்தது, இன்னும் நடக்கிறது, தமிழிலும் நடக்கிறது, நான் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து போனில் கேட்பேன். கேமரா போட வேண்டியதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஆட்களுக்கு ராத்திரி 9 மணிக்கு மேல் ஒன்று கிடைத்தால் அது வசதி. ஆனால் போனை அணைத்துவிட்டால் கதவு மூடிவிட்ட மாதிரி, எதிரில் யாரும் இல்லை. நேரில் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் சட்டையின் வியர்வை வாசம் வரும், எனக்கு அது வேண்டியிருந்தது. மாதம் ஒரு ஞாயிறாவது பஸ் பிடித்துப் போய்விடுகிறேன்.

மனைவியிடம் பொய் சொன்னதைச் சொல்லிவிடுங்கள். இன்றைக்கே.

மழைக்குருவி:

மாஸ்டர் அண்ணா, புதன்கிழமை போனீர்களா? நீங்கள் போனால் நானும் ஈரோட்டில் போகலாம் என்று இருக்கிறேன். இது உங்கள் மேல் பாரம் போடுவதாக இருந்தால் மன்னியுங்கள்.

சனிக்கிழமைக்காரன்:

மனைவியிடம் சொன்னேன். "தெரியும், செருப்பில் மண் ஒட்டவில்லை" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் செருப்பைப் பார்த்தேன், அந்த வளாகத்தில் செம்மண்.

புதன்கிழமை ஃபோர்மேனிடம் வயிற்று வலி என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "ஆஸ்பத்திரியில் போகச் சொன்ன மீட்டிங், வாரம் ஒரு நாள் முதல் ஷிப்டோடு போக வேண்டும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் மச்சானும் அதுக்குப் போறான், கோயம்புத்தூர்ல" என்றார், அவ்வளவுதான் பேச்சு.

மொத்தம் ஒன்பது பேர் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு அறை, பிள்ளைகள் பெஞ்சு, முட்டி நெஞ்சில் இடிக்கிறது. பலகையில் பின்னம் கழித்தல் அழிக்காமல் கிடந்தது. ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் பேங்கில் இருந்து ஓய்வு, ஒரு பையனுக்கு 24 வயதுதான் இருக்கும். ஒரு அம்மாவும் இருந்தார், பெண்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் ஸ்டீல் டம்ளரில் காபி மாதிரி ஊற்றி வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றே குடித்த கதையைச் சொன்னார். அன்றைக்குச் சிரித்தது எதற்கு என்று புரிந்தது, அவர் சொல்லும்போது எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் முறை வந்தபோது கேட்டுக்கொண்டு இருக்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். பெயரைச் சொன்னேன், அப்புறம் மாலையைப் பற்றிச் சொன்னேன், மனைவி வாங்கின முகத்தைப் பற்றி. குடிநோயாளி என்ற வார்த்தை வாயில் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

90 நாளில் 90 மீட்டிங் போனால் நல்லது என்றார் பேங்க்காரர். அது எங்கே முடியும், ஷிப்மெண்ட் நேரம். ஞாயிறு, புதன் இரண்டுமே பெரிய விஷயம். முடிந்து இறங்கும்போது, பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கும் வரும்போது ஜாக்கிரதை, முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு அப்புறம் யோசி என்று ஆட்டோக்காரர் சொன்னார். சனிக்கிழமை சாயந்திரம் எனக்கு நான்கும் சேர்ந்து வருகிறது, அதனால் இந்தச் சனிக்கிழமை கேட்டிலிருந்து நேராகப் பரோட்டாக் கடைக்குப் போகிறோம், மனைவி, பையன், நான். வழக்கமாகப் போகும் கடைக்குப் பக்கத்திலேயே டாஸ்மாக் இருக்கிறது, அதனால் இரண்டு தெரு தள்ளி வேறு கடை பார்த்து வைத்திருக்கிறேன்.

மழைக்குருவி, பாரம் இல்லை. போன் போடுங்கள், முதல் எண்ணில் எடுக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள்.

கோவைக்கார அண்ணா, ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை டீ போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், அரை மணி நேரம் முன்னாடி வந்து சாவி வாங்க வேண்டுமாம். ஒரு நாள் வந்தவனிடம் சாவியைக் கொடுப்பார்களா?

கோவைவாசி72:

கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், சாவி இருக்கிறதே என்றுதான் முதல் இரண்டு மாதம் போனேன். பாலை மத்தியானமே வாங்கி வைத்துவிடுங்கள், ஞாயிறு சாயந்திரம் கடையில் தீர்ந்துவிடும். அப்புறம் ஒன்பது பேருக்குக் கணக்குப் போடாதீர்கள், பன்னிரண்டு டம்ளர் வையுங்கள்.